செருமல் நின்ற வெள்ளிக்கிழமை

1

இந்தக் கதை என் மூக்கிலிருந்து வந்தது. நாகரிகமாகச் சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை. மூக்கின் உட்கோடியில் சளி கட்டித் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்த நாட்களில் எழுதத் தொடங்கினேன். இப்போது தேவலை. கூச்சத்தால் அந்தச் சளியைக் கதையில் வரும் ரெஷ்மாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: கழக்கூட்டத்தின் மாலை வெயில் கண்ணாடிக் கட்டடங்களின் மீது... (வேண்டாம். வெயிலுக்கும் சளிக்கும் சம்பந்தமில்லை.)

இன்னொன்று: ரெஷ்மா மலையாளம் பேசும் ஊரான கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். கூட்டங்களில் வாய் திறக்க மாட்டாள். ஆனால் சளியால் அடிக்கடி தொண்டையைச் செருமுவாள். உடனே மேலாளர் பிரஜின் மற்றவர்களைக் கையமர்த்தி அவளைச் சொல்லச் சொல்வான்.

"பறயூ ரெஷ்மா."

எல்லாத் தலைகளும் திரும்பும். வேறு வழியில்லாமல் எதையாவது சொல்வாள். பெரும்பாலும் அது சரியாக இருக்கும்.

3

(ஓர் இடைச்செருகல், அறிவியல் படித்த பழக்கம். மூக்கில் தினமும் எல்லோருக்கும் சளி சுரக்கிறது; தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். ஏ.சி. காற்றின் வறட்சியில் அது கெட்டியாகும், தூசி ஒவ்வாமையில் பெருகும். அப்போதுதான் இருப்பதே தெரியும்.)

4

ரெஷ்மாவுக்கு டாக்டர் ஸ்பிரே எழுதினார். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொன்னார். காய்ச்சி ஆறிய தண்ணீர் மட்டும். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.

அவளுடைய பாறசாலை வீட்டில் குடிப்பதற்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர் எப்போதும் உண்டு, பதிமுகப் பட்டை போட்டு, சிவப்பாக. ரெஷ்மா அதிலேயே உப்பைக் கலந்து ஒரு நாசியில் விட்டாள். மறு நாசியில் சிவப்பாக ஒழுகியது.

"எக்க ஏசுவே, சோரை!" ரத்தமென்று நினைத்து அம்மா ஜெயபாய் அலறினாள்.

"சோரையில்லம்மா, குடிக்க வெள்ளமாக்கும்."

"குடிக்க வெள்ளத்த மூக்குல விடுத பிள்ளைக்கா கம்பெனிக்காரன் சம்பளம் தாறான்?"

மறுநாள் முதல் வெறும் தண்ணீர் தனியாகக் கொதித்தது.

5

சளி இளகியது. செருமல் நின்றது. காப்பி மணத்தது. இங்கேயே முடித்திருக்கலாம், ஆனால் வெள்ளிக்கிழமைக் கூட்டம் இருக்கிறது. ரெஷ்மா எழுதிய மென்பொருளை வாடிக்கையாளருக்கு யார் இயக்கிக் காட்டுவது? அவளுக்குத் தானே காட்ட ஆசை.

"பதிவு போலே ஞான் தன்னே, அல்லே?" என்றான் பிரஜின், வழக்கம்போலத் தானேதான் என்று.

தொண்டை சுத்தமாக இருந்தது. யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

முடிவு அ: அவள் பொய்யாகச் செருமுகிறாள். (எழுதிப் பார்த்தேன். பலித்தது. எனக்குத்தான் பிடிக்கவில்லை. திங்கட்கிழமையும் செரும வேண்டிவரும்.)

முடிவு ஆ: "டெமோ ஞான் செய்தோட்டே?" என்று அனுமதி கேட்டாள். யாருக்கும் கேட்கவில்லை. பிரஜின் மடிக்கணினியை மூடிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் தடவை அவள் எவ்வளவு சத்தமாகக் கேட்பாள் என்பதை உங்களிடம் விடுகிறேன். மூக்கு அடைக்காது. அதற்கு மட்டும் நான் பொறுப்பு.