பூங்காவனம் சொன்ன மாணிக்கம்

செட்டிகுளத்துக் கலையரசிக்குக் கால் முறிந்தது ஒரு தை மாதத்தில். சின்ன வெங்காய மூட்டை ஏற்றிய டெம்போவின் மேல் உட்கார்ந்து வந்தவள், வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது மூட்டையோடு மூட்டையாகச் சாலையில் விழுந்தாள். பெரம்பலூரில் ஒரு எலும்பு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, நாற்பது நாள் மல்லாந்தே கிடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

நாற்பது நாளும் அவளுக்கு உலகம் என்பது தலைக்கு மேலே இருந்த கூரைதான். மழைநீர் ஊறிய கறை ஒன்று அங்கே ஏரி மாதிரி விரிந்திருந்தது. ஊசி போட்ட மயக்கத்தில் அந்த ஏரியில் அலை அடிக்கும். மின்விசிறி கொக்கு மாதிரி அதன் மேல் சுற்றிச் சுற்றிப் பறக்கும். தூக்கம் எது, விழிப்பு எது என்று பிரிக்க முடியாமல் பொழுது போய்க்கொண்டிருந்தது.

அறையில் மூன்று கட்டில்கள். சன்னலோரம் நந்தினி, அரியலூரில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த பெண். ஸ்கூட்டியில் இருந்து விழுந்ததில் முழங்காலும் போனது, செல்போனும் நொறுங்கிப்போனது. சுவரோரம் திருமானூர் பூங்காவனம். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஈரத் தரையில் வழுக்கி இடுப்பில் அடி. மகள்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். வீட்டுக்காரர் ஒருநாள்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. முகம் தெரியாத அந்த மனுஷனைக் கலையரசி மனதுக்குள் நன்றாகத் திட்டிவைத்தாள்.

சுவரில் உயரத்தில் ஒரு டிவி இருந்தது. ஆனால் சத்தம் கிடையாது. பக்கத்து அறையில் பெரிய ஆபரேஷன் ஆனவர்கள் கிடந்ததால் நர்ஸ் சத்தத்தை அடைத்து, ரிமோட்டையும் கையோடு எடுத்துப் போயிருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு அதில் ‘சாவி யாருகிட்ட’ என்ற பழைய சிரிப்பு நாடகத்தை மறுபடி போட்டார்கள். ஒரு குறுகலான வீடு, நீலக் கதவு, மரப்படிக்கட்டு. கீழே கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர், மாடியில் மஞ்சள் புடவைக்காரி ஒருத்தி. எல்லோரும் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். என்னதான் பேசிக்கிறாங்களோ என்று நந்தினி ஒருநாள் அலுத்துக்கொண்டாள்.

“இத நான் வூட்ல பாத்துருக்கேன்,” என்றார் அதுவரை அதிகம் வாய் திறக்காத பூங்காவனம். “சொல்லவா?”

அன்றிலிருந்து நாடகத்துக்குக் குரல் வந்தது. கட்டம் போட்ட சட்டைக்காரர் பெயர் மாணிக்கம், ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர் என்றார் பூங்காவனம். முப்பது வருஷம் தண்டவாளத்தை ஒட்டியே படுத்துப் பழகியவருக்கு, ரயில் சத்தம் இல்லாத ஊரில் கண் மூடினால் தூக்கம் வருவதில்லை. மஞ்சள் புடவைக்காரி அவர் சம்சாரம். மாடியில் நின்று குக்கரை விசிலடிக்க விடுகிறாள், தட்டில் கரண்டியால் தடதடவென்று தட்டுகிறாள். “பாரு, பாசஞ்சர் வண்டி போவுதுன்னு நெனச்சிக்கிட்டுக் கண்ண மூடுறாரு” என்பார் பூங்காவனம். அந்த நேரம் பார்த்துத் திரையில் அந்த ஆள் கண்ணை மூடுவார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கையில் கொடி எடுத்துக் காட்டாத குறையாக வழிவிடுவார் மாணிக்கம். தெருவில் மாடு வந்தால் வாசல் கதவைச் சாத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, பிறகுதான் திறப்பார். கலையரசி சிரிக்கும்போது தொங்கவிட்ட எடை ஆடும், கால் விண்ணென்று தெறிக்கும். அப்படியும் சிரித்தாள். கண்ணை மூடினால் கூரை ஏரிக்கரையில் ஒரு ரயில் போனது.

கால் கூடி வீடு திரும்பியபோது வெங்காய அறுவடை காத்திருந்தது. அந்த நாடகமும் முடிந்துபோயிருந்தது. நந்தினியோடு மட்டும் போனில் பேச்சு விட்டுப்போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவள்தான் சொன்னாள், ‘சாவி யாருகிட்ட’ சினிமாவாக வருகிறதாம் என்று.

கலையரசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்யாணமான புதிதில் தியேட்டருக்குப் போனதோடு சரி. இதற்காக அரியலூர் வரைக்குமா என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, மாணிக்கத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்புவதைப் போலச் சொன்னாள். பூங்காவனத்தையும் போனில் கூப்பிட்டாள். கரும்பு வெட்டு நடக்கிறது, நீங்கள் பாருங்கள் என்று அவர் பட்டும் படாமல் சொல்லி வைத்துவிட்டார்.

பகல் காட்சி. நந்தினி முன்னாலேயே வந்து காத்திருந்தாள். கொட்டகை நிறைந்திருந்தது. குடும்பம் குடும்பமாக வந்திருந்தவர்கள், பெயர் விழுந்ததும் கை தட்டினார்கள். விளக்கு அணைந்தபோது கலையரசிக்கு ஊசி போட்ட மாதிரி உடம்பு இலேசானது. இனி அந்த நீலக் கதவு திறக்கும்.

கதவு திறந்தது. ஆனால் அது நீலம் இல்லை. விரலை வைத்தால் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. உள்ளே பளிங்குத் தரை, மாடிக்கு லிஃப்ட். கட்டம் போட்ட சட்டைக்காரருக்குப் பதிலாக ஓர் இளவட்டம் வந்து நாலு பேரை ஒற்றைக் கையால் அடித்தான். அப்புறம் பனி மலையில் பாட்டு. முதல் கால் மணி நேரம் சிரிக்கத் தயாராக இருந்த ஜனம் மெல்ல அடங்கியது. அங்கங்கே செல்போன் வெளிச்சம் மினுக்கியது. பின் வரிசையில் ஒருவர், “சாவியே இல்லாத வூட்டுக்கு இப்படி ஒரு பேரு” என்றார். அதற்குத்தான் கொட்டகையே சிரித்தது.

இடைவேளையில் எல்லோருக்கும் ஆளுக்கொரு குறை இருந்தது. நாடகத்தில் வந்த அதே ஆட்களைப் போட்டிருக்கலாம் என்றார்கள். அந்தச் சின்ன வீட்டில் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வதில்தானே சிரிப்பே இருந்தது, பங்களாவில் யார் யார்மேல் மோதுவது என்றார்கள். வாடகை கேட்டு வரும் மஞ்சள் புடவை வீட்டுக்காரம்மாவைக் காணோமே என்று ஒரு டீச்சர் வருத்தப்பட்டார். கலையரசி அவரை விளங்காமல் பார்த்தாள். மஞ்சள் புடவைக்காரி எதற்கு வாடகை கேட்கிறாள்?

மிச்சப் படத்திலும் அவள் ஒன்றுக்காகவே காத்திருந்தாள். எப்படியும் கடைசியிலாவது வைத்திருப்பார்கள். படம் முடிந்து விளக்குப் போட்டுவிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

“ரயில் சீனக் கூட எடுத்துட்டானுவளே, நந்தினி. அது இல்லாம என்ன கத?”

நந்தினி அவள் பக்கம் திரும்பினாள். “நாடகத்துலயும் ரயில் இல்லக்கா,” என்றாள். “வூட்டுக்குப் போயிப் புது போன்ல முழுசும் பாத்தேன். அவரு இன்சூரன்ஸ் ஏஜெண்டு. அந்தம்மா ஹவுஸ் ஓனர். பூங்காவனம் பெரியம்மா சொன்ன ஒரு வார்த்தகூட அதுல இல்ல. ஒங்ககிட்ட சொல்ல மனசு வரல.”

வெளியே வெயிலில் கண் கூசியது. யாரோ தன் வீட்டில் புகுந்து சாமான்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போன மாதிரி இருந்தது கலையரசிக்கு. அந்த நாற்பது நாளில் அவள் நம்பிச் சிரித்தவர்கள் யாருமே கிடையாதா? பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. அவள் அதைத் தாண்டிப் போய்த் திருமானூர் பஸ்ஸில் ஏறினாள். நந்தினியும் கேள்வி கேட்காமல் கூட ஏறிக்கொண்டாள்.

சுண்ணாம்புக்கல் லாரிகளின் வெள்ளைப் புழுதி கொஞ்ச தூரம் வரை கூட வந்தது. அப்புறம் நிலம் பச்சையானது. கரும்புக் கொல்லைகள் இரண்டு பக்கமும் அசைந்துகொண்டிருந்தன. காற்றில் ஆற்றின் ஈரம் தெரிந்தது. பூங்காவனத்தை என்ன கேட்பது என்று அவள் வாக்கியம் கட்டிக் கட்டிக் கலைத்தாள். கோபமும் முழுசாக வரவில்லை.

விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் கம்பிக் கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டதும் உள்ளிருந்து ஒருவர் வந்தார். கதவைத் திறக்கும் முன் கம்பி வழியாகத் தெருவில் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். அப்புறம் தாழை நீக்கி, ஓர் ஓரமாக ஒதுங்கி, கையை நீட்டி அவர்களை உள்ளே அனுப்பினார்.

நீட்டிய அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள் கலையரசி. நந்தினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பின்பக்கம் இருந்து வந்த பூங்காவனம் இருவரையும் பார்த்ததும் புரிந்துகொண்டார். அவர் முகம் வெட்கத்தில் சின்னப் பெண் முகம் போல் ஆனது. உட்காரவைத்து, மோர் கொடுத்து, முந்தானையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

“பொய்யின்னு நெனச்சிக்காதீங்க. அந்த நாடகத்த நான் பாத்ததே இல்ல. இவருக்கு பஸ்ஸு ஒத்துக்காது, ஏறுனா மயங்கி வுழுந்துடுவாரு. ரயிலு இருந்தா எந்த ஊருக்கும் போவாரு. பெரம்பலூருக்கு ஏது ரயிலு? நாப்பது நாளு இவரப் பாக்காம எனக்கு ஒப்பல. அந்தச் சட்டய பாத்ததும் இவரு மாதிரியே தெரிஞ்சிது. பேரச் சொல்லக் கூடாதுல்ல, அதான் மாணிக்கம்னு வச்சிக்கிட்டேன்.”

நிஜப் பெயர் அய்யம்பெருமாள் என்று அவரே சொன்னார். அரியலூர் லைனில் கேட் கீப்பராக இருந்தவர். தன் கதை இரண்டு கட்டில் தாண்டிப் போயிருப்பது அவருக்கு இன்றுதான் தெரியும். கோபப்படுவார் என்று பூங்காவனம் ஓரக்கண்ணால் பார்த்தார். அவரோ, குக்கர் விசில் பாசஞ்சர் வண்டிக்கு ஒத்துவராது, எக்ஸ்பிரஸுக்குத்தான் சரியாக வரும் என்று மட்டும் திருத்தினார்.

கலையரசி சிரித்தாள். நாற்பது நாளாகத் திட்டிவைத்திருந்த மனுஷனிடம் அவர் கேட்காமலேயே மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். அவருக்கு அது எதற்கு என்று விளங்கவில்லை.

“படம் எப்புடிங்க இருந்துச்சு?” என்று கேட்டார் அவர்.

“நல்லால்லீங்க. நீங்க ஏதாச்சும் சொல்லுங்க.”

அவர் தன் கேட் கதை ஒன்றை எடுத்தார். ஒருநாள் பொழுது சாயும் நேரம், சுண்ணாம்புக்கல் ஏற்றிய சரக்கு வண்டி ஒன்று கேட்டுக்கு நேராக நின்றுவிட்டது. எஞ்சின் பழுது, எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கம் ஒரு கல்யாணக் கூட்டம் மாட்டிக்கொண்டது. அவர்களில் பாதிப் பேர் முன்னாலேயே இந்தப் பக்கம் வந்திருந்தார்கள். நாதஸ்வரக்காரர் அந்தப் பக்கம், தவில்காரர் இந்தப் பக்கம். நடுவில் ஐம்பது பெட்டிக்கு மேல் நீண்டு நின்ற இரும்பு. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த நாதஸ்வரக்காரர், அங்கிருந்தபடியே மெதுவாக வாசிக்க ஆரம்பித்தார். தவில்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, உறையைக் கழற்றினார்.

கலையரசி கண்ணை மூடிக்கொண்டாள். பெரம்பலூருக்குக் கடைசி இணைப்பு பஸ் எத்தனை மணிக்கு என்று நந்தினி மெல்லக் கேட்டது அவள் காதில் விழவில்லை. அந்தப் பக்கத்து நாதஸ்வரமும் இந்தப் பக்கத்துத் தவிலும் பெட்டிகளின் இடைவெளி வழியாக ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன. அய்யம்பெருமாள் அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டே போனார்.