ஜெசிந்தாவின் சம்மதம்

துணிப்பையிலிருந்து டிவிடியை அரைமனதாக எடுத்துக் கொடுத்தார் ஆரோக்கியராஜ். திண்டிவனத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் பூவரசனின் கடை அது. மகள் இசைவாணிக்கு அடுத்த மாதம் கல்யாணம். விழுப்புரத்து மாப்பிள்ளை வீட்டில் புளூரே பிளேயர் இருக்கிறதாம். அப்பா அம்மா கல்யாண டிவிடியைப் புளூரேவாக மாற்றியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று அவரை இழுத்து வந்திருந்தாள்.

"மாதா கோயில்ல அம்மா சம்மதம் சொல்ற எடத்துல பாட்டு ஓடுதுண்ணா. புளூரேல சவுண்டு கிளியரா வருமாமே, பாட்டுக்கு அடியில அம்மா கொரல் கேக்கும்ல? எனக்கு அது கொரலே மறந்துபோச்சு."

மனைவி ஜெசிந்தா செத்தபோது இசைவாணி சின்னப் பிள்ளை. அதற்கு முந்தின வருஷம்தான் கல்யாண வீடியோ கேசட்டை டிவிடியாக மாற்றினார்கள். ஊரில் எல்லார் டிவிடியிலும் சினிமாப் பாட்டு ஓடுகிறதே, நமக்கு மட்டும் என்ன குறைச்சல் என்று, முழுக்கப் பாட்டுப் போடச் சொன்னவர் ஆரோக்கியராஜ்தான். கோயில் இடத்தையாவது விட்டுவைக்கச் சொல்லி ஜெசிந்தா கெஞ்சினாள். "சம்மதமான்னு சாமியார் ரெண்டு வாட்டி கேட்டப்புறம்தான் வாயத் தொறந்த, அத வேற ஊரு கேக்கணுமா?" என்று கேலி பேசி அவள் வாயை அடைத்துவிட்டார். அதோடு நின்றாரா? டிவிடிதான் வந்துவிட்டதே என்று கேசட்டிலிருந்த நாடாவை உருவி, குத்தகை நிலத்தில் மல்லாட்டை விதையைக் காக்கை கிளறாமலிருக்கக் குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டினார். காற்றில் அது விர்ரென்று இரைந்தது, காக்கை அண்டவில்லை. நல்ல யோசனை என்று தன்னையே மெச்சிக்கொண்டார், பாவி மனுஷன்.

பூவரசன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அடியில ஒண்ணுமே இல்லம்மா. கொரல மொத்தமா எடுத்துட்டுதான் பாட்டு போட்டுகிறாங்க. புளூரேக்கு மாத்துனாலும் இதேதான் வரும். கேசட்டு இருந்தா குடுங்க, ஜல்தியா எடுத்துடலாம்."

இசைவாணியின் முகம் மலர்ந்தது. "கேசட்ட எங்கப்பா வச்சிக்கிற?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். மனசு வரவில்லை. பாட்டுப் போடச் சொன்னது, நாடாவைக் கட்டியது எல்லாவற்றையும் தலை குனிந்தபடியே சொல்லி முடித்தார். அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"சரி வுடு. நீ பக்கத்துல நின்னு கேட்டவன்தான? அம்மா எப்டி சொல்லுச்சோ அப்டியே சொல்லிக் காட்டுப்பா."

வாயைத் திறந்தார். எவ்வளவு முயன்றும் அவர் காதுக்குள் அந்தப் பாட்டுதான் ஓடியது. கம்ப்யூட்டர் திரையில் சாமியார் இரண்டாவது தடவை கேட்க, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜெசிந்தா மெல்ல உதட்டைப் பிரித்தாள்.