அக்கா கடை எப்போது திறக்கும்?

காப்பீட்டு நிறுவனத்தில் அவருக்கு ஜோசியர் என்று பெயர். தீயோ வெள்ளமோ வந்து ஒரு தொழில் முடங்கினால், அது மறுபடி எழுந்து நடக்க எவ்வளவு நாள் பிடிக்கும் என்று மதிப்பிட்டுச் சொல்வது அவர் வேலை. கூட இருந்தவர்கள் கிண்டலுக்கு வைத்த பெயரை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கும் ஒரு திறமை வேண்டும். அது அவரிடம் தாராளமாக இருந்தது.

வெள்ளம் வடிந்த மறுநாள் தன் அக்காவின் பேக்கரிக்குப் போனார். சுவரில் இடுப்பளவுக்குச் சேறு. கண்ணாடி அலமாரி குப்புறக் கிடந்தது. ஜோசியர் அடுப்பைத் தட்டிப் பார்த்தார். மாவு பிசையும் இயந்திரத்தின் மோட்டாரை முகர்ந்து பார்த்தார். முகர்ந்ததில் என்ன தெரிந்தது என்பது பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவருக்கே விளங்கவில்லை.

"ஒரு வாரம்க்கா. அடுத்த திங்கக்கிழமை ரொட்டி போட்டுடலாம்."

"நிச்சயமாத்தான் சொல்றியா? ஆஸ்பத்திரி கேன்டீன்ல கேக்கறாங்க. வாக்கு குடுத்துடவா?"

"தாராளமா குடு. இதையே பொழப்பா வச்சிருக்கறவன் சொல்றேன்ல!"

திங்கட்கிழமை வந்தது. மோட்டார் காய்ந்து ஓடியது, சுவர் பளிச்சென்று இருந்தது, புது மாவும் வந்து இறங்கியது. ரொட்டி போடும் மாஸ்டர் மட்டும் வரவில்லை. ஃபோனும் அணைந்திருந்தது.

"உன் வாய நம்பி வாக்கு குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றாள் அக்கா. "கேன்டீன்காரருக்குப் பதில் சொல்லி மாளல. நீயே போய் மாஸ்டரக் கூட்டிட்டு வாடா."

கடமை உணர்ச்சியைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தபடி ஜோசியர் போனார். ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் இருந்தது மாஸ்டர் வீடு. உள்ளே முழங்கால் அளவு சேறு. மாஸ்டரும் அவர் மனைவியும் அதை மண்வெட்டியால் வாரி, துணி துவைக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஜோசியர் சொற்பொழிவை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார். அடுப்பையும் மோட்டாரையும் அத்தனை அக்கறையாக விசாரித்தவர், அடுப்புக்கு முன்னால் நிற்கிற மனிதர் எங்கே குடியிருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

"வாங்க சார்" என்றார் மாஸ்டர். "ஃபோன் தண்ணியோட போயிடுச்சு. தகவல் சொல்லக்கூட வழியில்ல. நீங்க இந்தக் கணக்கெல்லாம் போடுவீங்கன்னு அக்கா சொல்லுவாங்களே, எங்க வீடு எப்ப சார் சரியாகும்?"

ஜோசியர் வாயைத் திறந்தார். 'ஒரு வாரம்' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பழக்க தோஷம். அதை விழுங்கிவிட்டு, "இன்னொரு மண்வெட்டி இருக்கா?" என்று கேட்டார்.

முதல் வீச்சில் பாதிச் சேறு, மாஸ்டரின் மனைவி அப்போதுதான் கழுவி நிறுத்திய கட்டில்மேல் போய் விழுந்தது.

"அண்ணே, வெளிய தள்ளணும்ணே" என்றாள் அவள், மிகுந்த பொறுமையோடு.

ஒரு மணி நேரத்தில் அந்த அறையை முடித்துவிடலாம் என்று அவர் மனசுக்குள் போட்ட கணக்கும் வழக்கம்போலத்தான் ஆயிற்று. பொழுது சாயும்போது பாதி அறைகூட முடியவில்லை. உள்ளங்கை கொப்பளித்திருந்தது. கூட்டிவரப் போனவனையும் காணோமே என்று திட்டுவதற்காகவே வந்து சேர்ந்த அக்கா, தலையிலிருந்து கால் வரை சேறு அப்பி நின்ற தம்பியைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினாள்.

"கேன்டீன்ல நானே சொல்லிக்கறேன். நீ அந்தத் தொட்டியப் பிடி."

பேக்கரி மாதக் கடைசியில்தான் திறந்தது. கூட்டம் நெருக்கியது. ஜோசியர் விடுப்புப் போட்டுவிட்டு, பொட்டலம் கட்டும் பொறுப்பை ஏற்றிருந்தார். அதிலும் கட்டியதை விடக் கிழிந்த காகிதம்தான் அதிகம்.

"அடுத்த தட்டு ரொட்டி எப்பங்க வரும்?" என்று ஒரு பெரியவர் அவரிடம் கேட்டார்.

"உள்ள கேட்டுட்டு வந்து சொல்றேங்க" என்று சொல்லிவிட்டு, ஜோசியர் மாஸ்டரிடம் கேட்கப் போனார்.