அடையிருந்த ரியா

தொண்ணூற்றிரண்டில் கனடாவின் ஸ்காபரோவில் வேலை பறிபோகாத ஆளைத் தேடத் தொலைநோக்கி வேண்டியிருந்தது. குலசிங்கத்தின் தொழிற்சாலையும் மூடிவிட்டது. மனைவி ரதி வேலைக்குப் போக, அவன் கைக்குழந்தையைப் பார்த்தான். வெளியில் மட்டும் அவனுக்குப் புது வேலை கிடைத்துவிட்டதாகவும் ரதிதான் வீட்டில் நிற்பதாகவும் கதை. உண்மை தெரிந்தால் அவனோடு சீட்டாடும் நண்பர் கூட்டம் அவனை உயிரோடு உரித்து உப்புக்கண்டம் போட்டுவிடும்.

ஆட்களின் கண்ணில் படாமலிருக்கத் தள்ளுவண்டியோடு ரூஜ் ஆற்றுப் பக்கத்து மிருகக்காட்சிச்சாலைக்குப் போய்விடுவான். அங்கே ரியா என்றொரு புல்வெளிப் பறவை, தீக்கோழி மாதிரி. பறக்கத் தெரியாது, கழுத்தை நிமிர்த்தினால் வானளாவிய சி.என். கோபுரத்துக்கே தலைவாரிவிடும். புல்லுக்குள் முட்டைகளின் மேல் குந்தியிருக்கும். தன்னை யார் பார்க்கிறார்கள் என்று அது ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. குலசிங்கம் அதையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"டேய் குலம்!"

சீட்டாட்டத் தலைவர் அன்புராசா அண்ணை. ஊரிலிருந்து வந்திறங்கிய மாமியாருக்கு மிருகம் காட்ட வந்திருந்தார்.

"வேலை இல்லையோ? ரதி எங்கை?"

"இண்டைக்கு லீவு அண்ணை. ரதி வோஷ்ரூமுக்குப் போட்டா. நீங்கள் நடவுங்கோ."

"ரதிப் பிள்ளையோடை ஒரு சொல்லுக் கதையாமல் போறது முறையில்லைத் தம்பி" என்று மாமி வாங்கில் அமர்ந்துவிட்டார்.

ஒரு யுகம் கழிந்தது. மாமிக்கு இன்னும் நாலு மயிர் நரைத்தது.

இன்னொரு ரியா கிட்ட வர, அடையிருந்தது இறகை விரித்துச் சீறியது.

"பாத்தியே, தாய்ப்பாசத்தை!" என்றார் அண்ணை.

குலசிங்கத்தால் பொறுக்க முடியவில்லை. "உது தகப்பன் அண்ணை. கனக்கப் பேடுகள் வந்து உவன்ரை கூட்டிலை முட்டை இடும். அடைகாக்கிறதும் குஞ்சு வளக்கிறதும் உவன்தான். பேடு கிட்ட வந்தாலும் கலைப்பான்."

"அப்ப தாய்?"

"போயிட்டுது. இனி வராது."

மாமி தள்ளுவண்டியைப் பார்த்தார். "அப்ப ரதி?"

ரியா மறுபடி முட்டைகளின் மேல் அமர்ந்தது. குலசிங்கம் அதைப் பார்த்தபடியே சொன்னான்: "அவவும் வரமாட்டா மாமி. வேலைக்குப் போட்டா. ஃபக்டரி மூடினதிலையிருந்து பிள்ளையை நான்தான் பாக்கிறன்."

"அட, லீவுகாரா!" என்று அண்ணை தொடங்க, மாமி கையைக் காட்டி அடக்கினார்.

"அப்ப வீட்டிலை ஆர் தம்பி சமைக்கிறது?"

"அதுவும் நான்தான் மாமி. புட்டு அவிச்சு வைச்சிட்டுத்தான் வந்தனான். வீட்டை வாங்கோ. ரதி பின்னேரம் வந்திடுவா."

ரதியோடு கதைக்கிற முறை இன்னும் பாக்கியிருந்ததால், அவன் வீட்டுக்குப் போக மாமிதான் முதலில் எழுந்தார்.