புஷ்பமேரியின் வலது கால்

1

இந்தக் கதையை ஒரு பத்திரிகைப் படத்திலிருந்துதான் திருடினேன். இடுக்கியில் சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டக் கோயில், பெரிய வியாழன். இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவும் சடங்கு. இறையியல் அறிஞர் ஃபாதர் ஜினோ மண்டியிட்டு ஒரு தோட்டத் தொழிலாளியின் வலது காலை ஏந்தியிருக்கிறார். பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். தேர்தல் அடுத்த வாரம்.

2

முதல் தொடக்கம்: மலைமேல் மூடுபனி மெல்ல

வேண்டாம். இடுக்கி என்றாலே பனியில் தொடங்குவது சோம்பேறித்தனம்.

இரண்டாவது: ஃபாதர் ஜினோ ரோமில் படித்தவர். ‘உழைத்த மண் உழைத்தவருக்கே’ என்று அவர் எழுதியது ஆயர்களின் சுற்றறிக்கையில் ஏறியது. பிறகு கட்சி மேடைக்குப் போனது. நிலத்துக்குப் பட்டயம், அதாவது பட்டா, கேட்கும் தோட்ட முதலாளிகளும் அதையே கோஷம் போட்டார்கள்.*

* அவர்களும் உழைத்தவர்கள்தானாம். மேற்பார்வை பார்த்தே வியர்த்துவிட்டார்களாம்.

3

படத்தில் இருப்பவள் புஷ்பமேரி. ஓய்வு வயது வந்துவிட்டது. தொழிலாளிகளுக்கென்று கொடுத்த லயத்து வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டது தோட்டம். போக்கிடம் இல்லை.

பாதம் கழுவப்பட இருக்கும் எல்லோரையும்போல அவளும் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் போனாள். [அழுக்குக் காலோடு அனுப்பிப் பார்த்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அப்படிப் போகிறவள் இல்லை.]

அவர் துண்டால் துடைக்கும்போது கேட்டுவிட்டாள்.

“சாமி, ஒழச்ச மண்ணுன்னு நீங்கதான எழுதுனீங்க? எங்க லயமும் அந்த மண்ணுலதான இருக்கு? காலி பண்ணச் சொல்றாங்க. மொதலாளி அந்தா முன்வரிசையில ஒக்காந்திருக்காரு. அவர்ட்ட சொல்லுங்க சாமி.”

ஃபாதர் ஜினோ அங்கியில் மாட்டியிருந்த மைக்கை அணைத்தார். அவளிடம் ஏதோ சொன்னார். பிறகு குனிந்து பாதத்தை முத்தமிட்டார்.

4

என்ன சொன்னார்?

(அ) “எலெக்‌ஷன் கழியட்டே, சேச்சி.” தேர்தல் முடியட்டும் என்று. இப்படி எழுதத்தான் கை துறுதுறுக்கிறது.

(ஆ) “நான் எழுதினது இப்ப என் கையில இல்ல, சேச்சி.” இதை எழுதினால் அவர்மேல் இரக்கம் வந்துவிடுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

அவளையே போய்க் கேட்டேன்.

“அது எனக்கும் சாமிக்கும்” என்றாள்.

ஏதாவது கொடுத்து வாயை அடைத்துவிட்டார்களோ? நான் அப்படி நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

“ஏன் சார், ஒங்க கதையில எனக்கு வீடு இருக்குமா?”

“தெரியலம்மா.”

“எழுதுறது நீங்கதான? இருக்கும்னு எழுதிருங்க. ஒங்களுக்கு என்ன நஷ்டம்?”

எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதுதான் உறுத்துகிறது. அழகாக ஒரு வரி எழுதிவிட்டு நான் என் வீட்டுக்குப் போய்த் தூங்குவேன். ஃபாதரைச் சந்தேகப்பட்ட அளவுக்கு என்னை நான் சந்தேகப்படவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

மாதம் இன்னும் முடியவில்லை. வாசகரே, கடைசி வரியை உங்களிடம் விடுகிறேன். உங்களையும் நான் முழுசாக நம்பவில்லை.

மாதக் கடைசி நாள் காலையில் புஷ்பமேரி தன் வீட்டுக் கதவை