ஆறு மணிச் சத்தம்

எங்கள் தெருவில் கடிகாரம் பார்க்காமலே மணி சொல்லலாம். மாலை ஆறானால் பக்கத்து வீட்டு ஷெட்டிலிருந்து டங், டங் என்று கிளம்பும். ஏழரைக்கு அடங்கும். ஒன்பது வருடமாக ரேஸ்காரர் கார் கட்டிக்கொண்டிருந்தார். அவர் ரேஸ் பார்த்ததுகூடக் கிடையாது. பட்டப்பெயர் நான் வைத்தது.

அந்த ஷெட்டில்தான் முன்பு அவர் மனைவி தையல் வகுப்பு நடத்தினார். ஆறு மெஷின், வாசல்வரை செருப்பு. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று எலும்பும் தோலுமாக வந்து இறங்கியபோது, "ஆறே மாசம்" என்றார் மனிதர். டீச்சர் மெஷின்களை ஒவ்வொன்றாக விற்றுவிட்டு இடத்தைக் கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் ஆறே காலுக்கு ஷெட் கதவருகே ஒரு டீயை வைத்துவிட்டு வருவார். உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார். வேலை கெட்டுவிடுமாம். எனக்கெல்லாம் அந்தப் பொறுமை ஏழு ஜென்மத்துக்கும் வராது.

இப்போது மகள் வீட்டோடு போகப்போகிறார்கள். அங்கே சைக்கிள் நிறுத்தவே இடமில்லை. காரைப் பார்க்க ஆள் வருவதற்கு முதல் நாள், துணி காயப்போட்டுக்கொண்டே டீச்சர் என்னிடம் சொன்னார்:

"விலை எதுவா இருந்தாலும் சரிக்கா. வர்றவரு 'நல்லா செஞ்சிருக்கீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். நான் மெஷினை வித்தது வீண் இல்லைன்னு ஆயிடும்."

வந்தவர் ஒரு பல் டாக்டர். டார்ச் பிடிக்க என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே எடுத்துக்கொண்டு போனேன். டீச்சர் இஸ்திரி போட்ட புடவையில் ஷெட் வாசலில் நின்றார்.

டாக்டர் பையிலிருந்து காந்தம், ஸ்க்ரூ டிரைவர், பல் பார்க்கிற குச்சிக் கண்ணாடி மூன்றையும் எடுத்தார். "வாயைத் திறங்க" என்று சொல்லாததுதான் பாக்கி. கதவின் அடியில் காந்தத்தை வைத்தார். விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தார். விழுந்தது.

"எல்லாம் பட்டி பூசினது சார். உள்ள தகரமே இல்லை."

"பழைய ஓனர் பூசினது," என்றார் ரேஸ்காரர், தன் செருப்பைப் பார்த்தபடி.

அலமாரியில் உதிரி பாகங்கள் அட்டைப்பெட்டியோடு அடுக்கியிருந்தன. டாக்டர் ஒன்றை ஊதினார். தூசி பறந்தது, சீல் அப்படியே இருந்தது.

"இதைப் பிரிக்கவே இல்லையே?"

"அதுக்கு இன்னும் வேளை வரலை."

"எஞ்சின் போல்ட்லயும் ஸ்பேனர் பட்ட மாதிரி தெரியலையே சார்."

டீச்சர் ஒரு படி உள்ளே வந்தார். "அப்போ எது முடிஞ்சிருக்கு டாக்டர்?"

நல்ல மனுஷன், தேடினார். "ஸ்டீயரிங் பளபளன்னு இருக்கும்மா."

இருந்தது. உள்ளங்கை தேய்த்த பளபளப்பு. டிரைவர் சீட்டில் ஒரு ஆள் அளவுக்குக் குழி. பக்கத்து சீட்டு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

டாக்டர் மல்லாந்து படுத்து அடியில் குச்சிக் கண்ணாடியை நீட்டினார். காரைத் தாங்குகிற சேஸிஸில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்த, அது பிடிவரைக்கும் போனது. துரு மூக்குப்பொடி மாதிரி கொட்டியது.

"இது நேத்து வந்த சொத்தை இல்லை. வாங்கும்போதே இருந்திருக்கும். இதுக்கு மேல எதைக் கட்டினாலும் நிக்காது."

என் டார்ச்சுக்கும் என்னைப் போலத்தான், அடக்கம் கிடையாது. அது பாட்டுக்கு டிரைவர் சீட்டின் அடியில் போய் நின்றது. அங்கே ஒரு துண்டு தண்டவாளம், மேலே ஒரு சுத்தியல். இரும்பின் நடுவில் கரண்டி போலக் குழிந்திருந்தது.

"மூணாவது வாரமே தெரியும்," என்றார் ரேஸ்காரர். "சொல்லலாம்னுதான் வீட்டுக்குள்ள வந்தேன். அன்னைக்குத்தான் நீ கடைசி மெஷினை ஏத்தி அனுப்பிட்டு நின்னுட்டிருந்த."

டீச்சர் குனிந்து சுத்தியலை எடுத்தார். ஒரு அடி. டங். பகல் பதினொரு மணிக்கு எனக்கு ஆறு மணி போல் இருந்தது.

"இவ்வளவு ஓங்கி அடிக்க மாட்டேன்," என்றார் அவர் மெதுவாக.

"தெரியும். ஒன்பது வருஷமா கேட்டிருக்கேனே."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். "யோசிச்சுச் சொல்றேன்மா" என்றார். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

அன்று ஆறு மணிக்குச் சத்தம் வரவில்லை. ஆறே காலுக்கு டீச்சர் டீயோடு வெளியே வந்தார். பழக்க தோஷம். ஷெட்டுக்குப் பாதி வழியில் நின்றார். பிறகு திரும்பி, சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த என்னிடம் டம்ளரை நீட்டினார்.

"நீங்க குடிங்கக்கா."

குடித்தேன். துளி இனிப்பு இல்லை. ரேஸ்காரருக்குச் சர்க்கரை வியாதி.