நல்லா பேசிட்டுப் போனாங்க

விதுசனின் பேஸ்புக் பக்கத்துக்கு 'விரால் மச்சான்' என்று பெயர். ஆரம்பத்தில் அது உண்மையாகவே மீன் பிடிக்கிற பக்கம்தான். குளக்கட்டில் குந்தியிருந்து தூண்டில் போடுவான். விரால் மாட்டினால் செவுளில் பிடித்துத் தூக்கிக் காட்டிப் பல்லிளிப்பான். கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற ஸ்கந்தபுரத்து ஆட்கள் "எங்கட குளம்" என்று உருகி இதயங்களாக அனுப்பிவைப்பார்கள். அந்தக் குளத்துக்கு வேலி போட ஒரு கம்பி அனுப்பாதவர்களுக்கும் இதயத்துக்குப் பஞ்சமில்லை.

பிறகு மீனுக்கு நடுவில் பகிடி வந்தது. தாயின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு மாமியார் வேஷம் கட்டிக் கதைப்பான். பகிடியும் அலுத்தபோது ஊரின் கஷ்டம் வந்தது. கூரை பறந்த வீடு, யானை மிதித்த வயல், கால் இல்லாத மனிதர். மீன், பகிடி, கஷ்டம் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். அழுகிறவருக்கு அடுத்தது விரால், விராலுக்கு அடுத்தது மாமியார். பார்க்கிறவர்கள் அதே பெருவிரலால் எல்லாவற்றையும் மேலே தள்ளிக்கொண்டு போவார்கள். அழுகைக்குச் சிரிக்கிற முகம் போடுகிறவர்களும் உண்டு. கை தவறியிருக்கும் என்று நினைத்துக்கொள்வதற்குப் பெரிய மனசு வேண்டும். சிவரூபிக்கு இப்போது அந்த மனசு இல்லை.

சிவரூபியின் தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து, வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவள் பிறந்தது இங்கேதான். ஆனாலும் அவளிடம் இரண்டு தமிழ் இருந்தது. குடிசைக்குள் பேசுவது ஒன்று, வேலிக்கு வெளியே கதைப்பது மற்றொன்று. படலையைத் தாண்டும்போது செருப்பு மாட்டுகிற மாதிரி வெளித் தமிழை மாட்டிக்கொள்வாள். அவள் வீட்டில் பேசுவதென்றால் சும்மா கதைப்பது. வெளியே, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய சனங்களிடம், பேசுவதென்றால் ஏசுவது. முதலாம் வகுப்பில் "டீச்சர் என்கிட்ட பேசினாங்க" என்று துள்ளிக்கொண்டு சொல்லப்போய், "ஏன் பேசினவா? என்ன பிழை செய்தனீ?" என்று வகுப்பே கேட்டதில் அந்தச் சொல்லை அன்றே வீட்டுக்குள் வைத்துப் பூட்டினாள். பிறகு வெளியே அது அவள் வாயில் வந்ததேயில்லை, வெள்ளம் வரும் வரைக்கும்.

கார்த்திகையில் குளம் நிரம்பி வான் பாய்ந்து வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். சிவரூபிக்கு ஏழாம் மாதம். இதற்கு முன்பு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. புருஷன் அஜந்தன் வவுனியாவில் மேசன் வேலையில் இருந்தான், ஓமந்தைக்கு இந்தப் பக்கம் றோட்டு அறுந்து வரமுடியவில்லை. பள்ளிக்கூட மண்டபத்தில் ஈரச் சேலையோடு, சுவரில் சாய்ந்து, இந்தப் பிள்ளையும் போய்விடும் என்றே நினைத்துக்கொண்டு இருந்தாள்.

அப்போதுதான் கமலாட்சி மிசி வந்தார். அந்தப் பகுதிக்கு மருத்துவிச்சி அவர். ஒரு உழவு இயந்திரத்தை மறித்து, பெட்டியில் நின்றுகொண்டே வெள்ளத்தைக் கடந்து வந்திருந்தார். நேரே சிவரூபியின் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார்.

"என்னடி பிள்ளை, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கிறாய்? வயித்தைக் காட்டு" என்றார். துடிப்பைக் கேட்டார். அவளையும் கேட்கச் செய்தார். "கேட்குதே? உன்னைவிட அதுக்குத் தைரியம் கூட." பிறகு கனநேரம் அவளுடைய காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் கதைத்தார். போகும்போது தன்னுடைய காய்ந்த சேலையொன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போன கையோடு விதுசன் தடியில் போனைக் கொழுவிக்கொண்டு வந்தான். சிவரூபியின் கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அது பயம் விட்ட அழுகை.

"அக்கா, மிசி வந்தவாவாம். என்ன மாதிரி?"

அவளுக்கு அந்த நேரம் வேலியும் இல்லை, படலையும் இல்லை, எல்லாம் தண்ணீருக்குள். வாயில் வந்தது வீட்டுத் தமிழ்.

"வந்தாங்க தம்பி. நல்லா பேசிட்டுப் போனாங்க."

சொல்லிவிட்டு மூக்கைச் சீறினாள். அவ்வளவுதான் நடந்தது.

விதுசன் அதை அன்றைக்கே போட்டான். 'வெள்ளத்தில் தவித்த கர்ப்பிணியை நல்லாப் பேசிய மிசி!' என்று மேலே எழுத்து. அழுகிற இடத்தில் முகத்தைப் பெரிதாக்கி, "நல்லா பேசிட்டுப் போனாங்க" என்பதை மூன்று தரம் திருப்பித் திருப்பி ஓடவிட்டு, கடைசியில் தவளை கத்துகிற சத்தம் வைத்திருந்தான். அடுத்த வீடியோவில் வான் பாய்கிற தண்ணீரில் அவன் விரால் பிடித்தான்.

ஊர் உலகமெல்லாம் பார்த்தது. மிசியைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். "அரசாங்கச் சம்பளம், அகங்காரம்" என்றார்கள். மிசியின் படத்தை எங்கேயோ தேடி எடுத்து கழுதைக் காது வைத்தார்கள். கீழேயே சிவரூபிக்கும் பங்கு இருந்தது. "தோட்டக்காட்டுத் தமிழைக் கேளுங்கோ" என்று ஒருவர், அதற்குச் சிரித்தவர்கள் நூற்றுக்கணக்கில். அதற்குள்ளேயே ஒருவர் வந்து, "தம்பி, விராலுக்கு என்ன இரை போடுறனீர்?" என்று விசாரித்திருந்தார். விதுசன் பதில் எழுதியது அவருக்கு மட்டும்தான்.

வெளிநாட்டிலிருந்து யாரோ முறைப்பாடு அனுப்ப, மேலிடத்திலிருந்து மிசியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். செய்தி காதில் விழுந்த அன்று சிவரூபிக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு பிள்ளைகள் போனபோதும் கூட நின்ற மனுசி. இந்தப் பிள்ளையைக் கையில் கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்த மனுசி. தன் வாயாலேயே அந்த மனுசியின் தலையில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று நெஞ்சு வெந்தது. விடிந்ததும் விதுசன் வீட்டுக்குப் போனாள்.

முற்றத்தில் அவன் தாய் இராசமலர் நனைந்த நெல்லைப் பாயில் பரவிக்கொண்டிருந்தாள். விதுசன் கதிரையில் உட்கார்ந்து தூண்டிலுக்கு முள் கட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்த வீடியோவை எடுத்துவிடுங்கோ. மிசி என்னோட கதைச்சவா எண்டுதான் நான் சொன்னனான். ஏசினவா எண்டு சொல்லேல்லை."

"எனக்குத் தெரியும் அக்கா" என்றான் அவன், தலையை நிமிர்த்தாமல். "உங்கட சின்னக்கா மகனோடதானே நான் படிச்சனான். உங்கட கதை எனக்கு விளங்காதோ?"

பிழையாக விளங்கிக்கொண்டான் என்றுதான் சிவரூபி அதுவரை நினைத்திருந்தாள். விளங்காதவனுக்கு விளக்கலாம்.

"தெரிஞ்சுகொண்டோ போட்டனீங்கள்?"

"அக்கா, சும்மா கதைச்சவா எண்டு போட்டா ஆர் பாக்கிறது? இப்ப எடுத்தா பக்கம் விழுந்திடும். ஒண்டு செய்வம். நீங்கள் விளக்கமாச் சொல்லுங்கோ, அதை வேற வீடியோவாப் போடுறன்."

வேறு வழி தெரியாமல் அவள் சம்மதித்தாள். போனுக்கு முன்னால் நின்று, வெளித் தமிழைக் கவனமாக மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "மிசி என்னை ஏசேல்லை. எங்கட ஆக்கள் கதைக்கிறதைப் பேசுறது எண்டு சொல்லுறவை. மிசி எனக்குத் தாய் மாதிரி. அவாவை ஒருத்தரும் பிழையா நினைக்காதேங்கோ." கும்பிட்டும் காட்டினாள்.

மறுநாள் அது வந்தது, 'விரால் மச்சானின் தமிழ் வகுப்பு' என்ற பெயரில். சேலை சுற்றின விதுசன் கையில் பிரம்போடு நின்று, "பேசுறதோ, கதைக்கிறதோ? சொல்லு பிள்ளை!" என்று அதட்ட, சிவரூபி துண்டு துண்டாக வந்து பதில் சொன்னாள். "மிசி எனக்குத் தாய் மாதிரி" என்ற இடத்தில் தவளை கத்தியது. முதல் வீடியோவைவிட இது கூட ஓடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் றோட்டில் சிவரூபியைக் கண்டால் "நல்லா பேசிட்டுப் போனாங்க" என்று இழுத்துக் கத்தத் தொடங்கினார்கள்.

சிவரூபி திரும்பவும் போனாள். இந்தமுறை வெளித் தமிழை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

"நாங்க அழுறது உங்களுக்குச் சிரிப்பா இருக்கா? எங்க வாய் உங்களுக்கு வெளையாட்டுச் சாமானாடா?"

"ஏன் பிள்ளை இவ்வளவு கோபம்?" என்று இராசமலர் நெல்லைக் கிளறிக்கொண்டே கேட்டாள். "பகிடிக்குத்தானே செய்தவன். உன்னையும் நாலு பேருக்குத் தெரியவந்திருக்கு."

சிவரூபி இராசமலரின் வயலில் களை பிடுங்கிய வருடங்களெல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தன. கதிரையில் இருந்த தூண்டில் பெட்டியை, முள்ளும் மிதப்புமாக, அப்படியே எடுத்து மாட்டுச் சாணிக் கிடங்குக்குள் வீசினாள். விதுசன் பெட்டியை எடுக்க ஓடவில்லை. போனைத்தான் எடுத்தான். அந்த வீடியோவும் வந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் வயிற்றுப் பிள்ளையின் அசைவு குறைந்ததை சிவரூபி உணர்ந்தாள். மிசியின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற வெட்கத்தில் அன்றைக்கு வீட்டிலேயே கிடந்தாள். மறுநாள் பயம் வெட்கத்தை மிஞ்சியது. கிளினிக்குக்குப் போனாள்.

கமலாட்சி மிசி மெலிந்திருந்தார். அவளைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "போனை வெளியில வைச்சிட்டு வாங்கோ" என்பது.

வாங்கோ. இத்தனை காலமும் 'வாடி பிள்ளை'. சிவரூபி வெளியே ஆட்கள் குந்துகிற வாங்கிலில் போனை வைத்துவிட்டு உள்ளே வந்து, "மிசி, நான் சொன்னது அப்படியில்ல மிசி" என்று தொடங்கினாள்.

"எனக்கு அண்டைக்கே விளங்கினது. உங்கட சனத்துக்குள்ளதானே இவ்வளவு காலமும் வேலை செய்யிறன்" என்றார் மிசி. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "விசாரிச்ச ஆக்களுக்கும் சொல்லிப் பாத்தன். அவைக்கு வீடியோவைத்தான் தெரியும். என்ர மகள் இப்ப பள்ளிக்கூடம் போறாளில்லை. இனி நான் ஒருத்தரோடயும் ஊர்க்கதை கதைக்கிறேல்லை. வந்த விஷயத்தைச் சொல்லுங்கோ."

"புள்ள நேத்து காலையிலருந்து சரியா அசையல மிசி."

நேற்றிலிருந்தா, ஏன்டி நேற்றே வரவில்லை, உனக்கு மூளை இருக்கோ என்று மிசி வெடிப்பார் என்று எதிர்பார்த்தாள். அந்த ஏச்சுக்காக உள்ளுக்குள் ஏங்கினாள். மிசி ஏசவில்லை. வயிற்றில் கருவியை வைத்தார், இடம் மாற்றி வைத்தார், முகம் இறுகியது. எழும்பிப் போய் அம்புலன்ஸுக்குப் போன் அடித்தார், பெரியாஸ்பத்திரிக்கும் அடித்துச் சொன்னார். வண்டி வரும்வரை வாசலிலேயே நின்றார். ஏறும்போது சிவரூபியின் கையை இறுக்கிப் பிடித்தார்.

"பிள்ளை இருக்கு, பயப்பிடாதேங்கோ. ஒண்டு மட்டும். அங்க ஆஸ்பத்திரி வாட்டில ஒருத்தரோடயும் என்னைப் பற்றிக் கதைக்கவேண்டாம். நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். என்ர பேரைத் திரும்பவும் போனுக்குள்ள போடவேண்டாம். சத்தியம் பண்ணுங்கோ."

சிவரூபி சத்தியம் பண்ணினாள்.

அன்றைக்கே வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண்பிள்ளை. கொடி கழுத்தைச் சுற்றி இருந்ததாம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கதை வேறு என்று டொக்டர் சொன்னார். குறைமாதப் பிள்ளை என்பதால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், ஆனால் மூச்சு நன்றாக இருந்தது.

அடுத்த கட்டிலில் லக்சிகா என்ற இளம் தாய். பிள்ளைக்கு ஒரு கையால் பால் கொடுத்துக்கொண்டே மற்றக் கையால் போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மாமியார் வேஷத்துக்குச் சிரித்தாள், யாரோ வளர்த்த ரோசாச் செடிக்கு "வடிவு" என்றாள், செத்துப்போன ஒருவருக்கு உச்சுக் கொட்டினாள். சிவரூபி தாதியிடம் தண்ணீர் கேட்ட குரல் காதில் விழ, லக்சிகா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, நீங்கள் அந்த 'நல்லா பேசிட்டுப் போனாங்க' அக்காவல்லே?"

சிவரூபி முகத்தை மறுபக்கம் திருப்பினாள்.

"ஐயோ, நான் எல்லாம் பாத்தனான். உங்களுக்கு இப்பிடிக் குறைமாதத்தில வெட்டினதும் அந்த மிசியாலதான் என்ன? அவா உங்களைச் சரியாப் பாக்கேல்லைத்தானே?"

இல்லை என்று சொல்லச் சிவரூபியின் நாக்குத் துடித்தது. அவங்கதான் எம் புள்ளையைக் காப்பாத்துனாங்க, அவங்க இல்லாட்டி அந்தப் பெட்டிக்குள்ள இன்னைக்கு ஒண்ணும் இருக்காது. சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. லக்சிகாவின் கையில் போன் வெளிச்சத்தோடு இருந்தது. சிவரூபி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் மட்டும் நிரம்பி வழிந்தது.

"பாவம்" என்றாள் லக்சிகா. உண்மையாகவே இரங்கித்தான் சொன்னாள். பிறகு பெருவிரலால் மளமளவென்று எழுதி, எழுதினதைச் சிவரூபிக்கு வாசித்தும் காட்டினாள்.

"'நான் அவாவை ஆஸ்பத்திரியில நேர கண்டனான். மிசியைப் பற்றிக் கேட்டா வாயே திறக்கிறாவில்லை, அழுறா. அவ்வளவு பயப்பிடுத்தி வைச்சிருக்கினம்.' சரிதானே அக்கா?"